ஹரீஷுக்குச் சொன்னதை எனக்கும் சொல்

முகுந்தா,

உன்மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நலமா, சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கிற கடிதமில்லை இது. நீ சாப்பிட்டது எனக்குத் தெரியும், போட்டதே நான்தான். இதோ பக்கத்து அறையில் உட்கார்ந்து புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சிவமொக்காவுக்குப் புறப்பட்டு, மறுநாள் அங்கே மெடிக்கல் காலேஜில் உதவிப் பேராசிரியராகச் சேரப்போகிறாய். எழுந்து வந்து நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் நான் மேடமாகிவிடுவேன், நீ வாயை மூடிக்கொள்வாய். இத்தனை வருஷமும் அப்படித்தானே நடந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தை நீ குறுக்கே புகுந்து சமாதானப்படுத்த முடியாது.

நேற்று சாயங்காலம் நம் டிபார்ட்மெண்டில் உன்னை வழியனுப்பினார்களே, அங்கேதான் இது ஆரம்பித்தது என்று சொன்னால் பொய். ரொம்ப நாளாகப் புகைந்துகொண்டிருந்தது, நேற்று பற்றிக்கொண்டது. நான் முன்வரிசையில் கோடுபளே முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். சார் ரொம்ப நல்லவர், சார் எங்களுக்கு அண்ணன் மாதிரி, சார் போய்விட்டால் வார்டே வெறிச்சோடிவிடும். அதையெல்லாம் கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். பெற்றவள் என்கிற முறையில் கொஞ்சம் பூரித்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். ஆனால் நிவேதிதா எழுந்தாள். முதல் வருஷ முதுகலை மாணவி, நாலு பேர் நடுவில் வாயே திறக்காதவள். "இங்கே எல்லாரும் நான் எப்படிப்பட்டவள் என்று சொன்னார்கள், முகுந்த் சார் மட்டும்தான் நான் என்ன செய்தேன் என்று சொன்னார்" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன். அந்த 'எல்லாரும்' யார் என்பது அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என்னைப் பற்றிப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். பழைய மாணவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், உங்களுக்குப் பயந்தேதான் படித்தோம் மேடம் என்று சிரிப்பார்கள், நானும் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொள்வேன். ஃபீட்பேக் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் "ஹோகி, ஓதி" என்பதுதான். போய்ப் படி. கன்னடத்தில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் அதேதான். சரியாகச் செய்தவனிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால் அதுதான் பாராட்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, எதைப் படிக்கவேண்டும் என்று சொன்னால்தானே படிப்பார்கள் என்று நீ மெதுவாகக் கேட்டாய். ரசம் ஊற்றிக்கொள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

நிவேதிதாவை நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. அவள் சொல்லியிருக்கமாட்டாள், அவ்வளவு மரியாதை தெரிந்த பெண். நானே சொல்கிறேன். நம் வீட்டுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறதே, கடையிலோ பஸ்ஸிலோ அடுத்தவர் காதில் விழக்கூடாத விஷயம் என்றால் உடனே தமிழுக்கு மாறிவிடுவோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த உன் அப்பா ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. அதை நான் வார்டுக்கும் கொண்டுபோயிருந்தேன். நோயாளி முன்னால் சின்ன டாக்டரைத் திட்டக்கூடாது, திட்டினால் நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும் என்பது எனக்கும் தெரியும். அவ்வளவு மோசமில்லை நான். அதனால் தமிழ் தெரிந்த பிள்ளைகளைத் தமிழில் திட்டுவேன். நோயாளிக்குப் புரியாது, பிள்ளைக்கு உறைக்கும். அதை ஒரு சலுகை என்றே வைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் வயிறு முழுக்க நீர் கோத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். எங்களோடு கன்னடத்தில்தான் பேசினார். வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுக்க நிவேதிதா முயன்றாள், வரவில்லை. மறுபடி குத்தினாள், அப்போதும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "உனக்குக் கையே வராது. இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்கு மெடிசின் எடுத்தே?" என்று தமிழில் சொன்னேன். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு சொன்னேன். சிரிப்பு நோயாளிக்காக. பிறகு ஊசியை வாங்கி நானே எடுத்து முடித்தேன்.

மறுநாள் அவள் ரத்தம் எடுக்க அவர் கட்டிலுக்குப் போனபோது பெரியவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். "அந்தப் புள்ள வேண்டாமுங்க டாக்டரம்மா. நீங்கதானுங்களே சொன்னீங்க, அதுக்குக் கை வராதுன்னு." அவர் ஊர் மார்டள்ளி. கேஸ் ஷீட்டில் எழுதித்தான் இருந்தது. நான் வயதையும் ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு ஊரைத் தாண்டிப் போயிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்று மைசூரில் குப்பை கொட்டுகிற எனக்குத் தெரியாதா என்ன? அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய டாக்டரே சொன்னபிறகு எந்த மனுஷன் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுப்பான்? நிவேதிதா ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் ஊசி வேலை என்றால் யாரிடமாவது மாற்றிக்கொண்டாள். கோர்ஸை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போகிறாள் என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி இருந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். அவளை வார்டின் கோடியில் ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். நான் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டுக்கேட்டேன், ஆமாம். சமாதானம் சொல்லி, கண்ணைத் துடைத்து அனுப்பப்போகிறாய் என்று நினைத்தேன். நீ பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன செய்தாய், முதலிலிருந்து சொல் என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாய். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவரை நேராகப் படுக்கவைத்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, நீர் இருக்கிற இடத்தைக் குறித்திருக்கிறாள். அப்படிப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றதும் ஒருபக்கமாகச் சாய்த்திருக்கிறாள். சுத்தம் செய்து, மரத்துப்போக மருந்து போட்டு, குறித்த இடத்தில் குத்தியிருக்கிறாள். அங்கே அவளே நிறுத்தினாள். சாய்த்ததற்கு அப்புறம் நான் மறுபடி தட்டிப் பார்க்கவில்லை சார் என்றாள். ஆளைத் திருப்பினால் உள்ளே நீரும் இடம் மாறும், குறி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். நீ அதற்குமேல் பாடம் நடத்தவில்லை. "முதல் குத்துலயே நீர் வரலை. கை நடுங்கினது அதுக்கப்புறம். அப்போ கை காரணமில்லை, நிவேதிதா" என்றாய். அவருக்கு மறுபடி நீர் சேரும், அப்போது நீயே எடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாய். பிறகு பெரியவர் கட்டிலுக்குப் போய், அவரிடம் தமிழில் பேசிச் சம்மதம் வாங்கினாய்.

அவள் எடுத்த அன்றைக்கும் நான் அதே திரைக்குப் பின்னால்தான் இருந்தேன். முதல் குத்திலேயே குழாயில் நீர் இறங்கியது. அவள் திரும்பி உன்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையில் எனக்கு வயிறு எரிந்துபோயிற்று. என்னைப் பிள்ளைகள் பயந்து பார்த்திருக்கிறார்கள், மரியாதையாகப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை. நீர் இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். என் கையில் இருந்த சரக்கை வைத்து நீ பெயர் வாங்கிக்கொண்டு போகிறாய் என்று கோபம் வந்தது. பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டு, அந்தப் புள்ள எங்கே, சொல்லிட்டுப் போகணும் என்று தேடினார். அதற்கும் வயிறு எரிந்தது. இதில் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் எரிகிறது, என்ன செய்யச் சொல்கிறாய்.

எங்களுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. காலேஜில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். முதலில் பாராட்ட வேண்டுமாம், நடுவில் குறையை வைக்க வேண்டுமாம், மேலே மறுபடி ஒரு பாராட்டைப் போட்டு மூடவேண்டுமாம், ரொட்டிக்கு நடுவே காய் வைப்பதுபோல. சரி, செய்துதான் பார்ப்போமே என்று மறுநாள் ஒரு பையனிடம், உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவன் முகம் வெளிறிப்போய், நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம் என்றான். அதோடு விட்டுவிட்டேன். நீ இந்தப் பூச்சு வேலையெல்லாம் செய்வதில்லை. பார்த்ததைச் சொல்கிறாய், பார்க்காததைக் கேட்கிறாய், ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, மறுபடி எப்போது பார்ப்பேன் என்று சொல்லி, சொன்னபடி வந்து நிற்கிறாய். சிவமொக்காவில் வேலை கழுத்தை நெரிக்கும், நோயாளிகள் கூட்டம் அலைமோதும். அப்போது எதை விட்டாலும் இதை விடாதே. பொறாமைப்படுகிறவள் சொல்கிறேன், மதிப்பில்லாத பொருளுக்கு யாரும் பொறாமைப்படமாட்டார்கள்.

இப்போது ஹரீஷுக்கு வருகிறேன். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லவேண்டும் என்று டிபார்ட்மெண்டில் ஒரு ஏற்பாடு வந்ததே, உன் பங்குக்கு ஹரீஷும் நானும் வந்தோம். ஹரீஷ் உதவிப் பேராசிரியர், உன்னைவிட மூத்தவன், கொஞ்சம் தலைக்கனம் உள்ளவன். நீ அவனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. ஒழிந்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கேண்டீனில் சிரித்துக்கொண்டு காபி குடிக்கிறீர்கள். அடுத்த வாரத்திலிருந்து அவன் வகுப்பே வேறாகிவிட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டுத் தானே பதிலையும் சொல்லிவிடுகிற பழக்கம் அவனுக்கு. இப்போது பிள்ளைகள் யோசித்துச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். அவனை மாற்றியது நீ அந்த அறைக்குள் சொன்ன என்னவோ ஒன்று.

அதே வாரம் என் வகுப்புக்கும் வந்து பின்னால் நின்றாய். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, மூச்சுவிடாமல் நடத்தினேன். முடிந்ததும், நன்றாக இருந்தது, வீட்டுக்குப் போகலாமா என்றாய். ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாய். நானும் பூரித்துப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஹெப்பாள் பக்கம் திரும்பியதும் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நின்றது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் பெற்ற பிள்ளையோ, ஹரீஷுக்கு ஒரு முழு மத்தியானம், எனக்கு ஒரு வரி. அன்றிலிருந்து அவனைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. அவனிடம் நீ குறை சொன்னாயோ, கிழித்துத் தொங்கவிட்டாயோ, எதுவானாலும் அது அவனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ் புகையில் அழுதேன். வீட்டில் இறங்கியதும் என் கண்ணைப் பார்த்து, தூசி என்று நீ நினைத்துக்கொண்டாய்.

உன் அப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன். "நீ கேட்டியா? கேக்காம அவன் எப்படிச் சொல்வான்?" என்றார். சாமுண்டி மலையை ஞாபகப்படுத்தினார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிது, நீ பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். மலையிலிருந்து இறங்கும்போது, பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே போடும்மா என்றாய். வண்டியை ஓரம்கட்டி, அப்படியென்றால் நடந்தே வா என்று இறக்கிவிட்டேன். அடுத்த வளைவிலேயே நிறுத்திக் காத்திருந்தேன் என்பதை மட்டும் உன் அப்பா எப்போதும் சொல்லமாட்டார். நீ வந்து ஏறிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னைப் பற்றி எனக்கு எதுவுமே சொன்னதில்லை. குழம்பில் உப்புக் கூடினால் தயிரைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாய். பிரேக்கை நான் சரியாகத்தான் போட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நீ வாயை மூடிக்கொண்டது அங்கேதான் என்று உன் அப்பா சொல்வதை மறுக்க முடியவில்லை.

சரி, நீ எனக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், நான் உனக்குச் சொல்கிறேன். உன்னிடமும் ஒரு குறை இருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தது. ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன் இன்சுலின் அளவை எழுதும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு இங்கிலீஷ் 'யூ' என்று ஒற்றை எழுத்தை ஒட்டினாற்போல் போட்டிருந்தான். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது சைபர் மாதிரி தெரியும், நாலு என்பது நாற்பதாகிவிடும். நீ அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நன்றாகத்தான் செய்கிறாய், எழுதினதை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொள் என்றாய். அவன் சிரித்துக்கொண்டே போனான். இரண்டு நாளில் வேறொரு கேஸ் ஷீட்டில் அதேபோல எழுதிவைத்தான். சிஸ்டர் சந்தேகப்பட்டு என்னிடம் கொண்டுவந்தாள், நல்லவேளை. நான் போட்ட சத்தத்தில் இப்போது 'யூனிட்' என்று முழுசாக எழுதுகிறான். நீ சொன்னது அவன் காதில் பாராட்டாக விழுந்திருக்கிறது. உயிர் போகிற விஷயமென்றால் அதை முதலில் சொல், நேராகச் சொல், இதனால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று சொல். அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாகப் பேசு. சொல்லி முடித்ததும், என்ன புரிந்தது என்று அவன் வாயாலேயே கேள். தன்மையாகப் பேசுகிறவனுக்கு இது கஷ்டம், உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். என்ன, வலிக்கிறதா? கொஞ்சம் வலிக்கட்டும். பார்த்ததைத்தானே சொன்னேன், உன்னை ஒன்றும் சொல்லவில்லையே. பார், எனக்கும் வருகிறது.

சனிக்கிழமை காலையில் நிவேதிதாவை என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று அவளிடம் சொல்லப்போகிறேன். நீ பக்கத்தில் நிற்க அவள் நீர் எடுத்தபோது என்னென்ன சரியாகச் செய்தாள் என்று, நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன். எனக்கு இதில் பழக்கமே இல்லை. நடுவில் எங்கேயாவது மேடம் எட்டிப் பார்ப்பாள், போய்ப் படி என்று வாய் தவறி வந்துவிடும், எல்லாம் பாழாகும். அதனால் நீயும் அறையில் இருக்கவேண்டும். முகுந்த் சார் கூட இருந்தால் உனக்குப் பரவாயில்லையா என்று அவளிடம் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் ஓகே மேடம் என்றாள். அந்த அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் போனபிறகு எழுந்து கதவைச் சாத்து. ஹரீஷிடம் உட்கார்ந்த மாதிரி என் எதிரே உட்கார். நான் அவளிடம் பேசியதில் என்ன சரி, எங்கே கெடுத்தேன் என்று சொல். அது முடிந்ததும், அன்றைக்கு என் வகுப்பில் நீ பார்த்துவிட்டு முழுங்கினாயே, அதையும் சொல். என் முகம் சிவக்கும், குறுக்கே பேசுவேன், உன்னைப் பெற்றவளுக்கே பாடமா என்றுகூடக் கேட்பேன். நிறுத்தாதே. ரிட்டயர் ஆவதற்குள் இன்னும் ஒரு பேட்ச் பிள்ளைகள் என்னிடம் வரப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தராவது நிவேதிதா உன்னைப் பார்த்த மாதிரி என்னைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நீ வாய் திறக்காமல் போனால் அது நடக்காது. சிவமொக்காவில் யார் யாருக்கோ நீ உண்மையைச் சொல்லப்போகிறாய், பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது. இத்தனை வருஷம் என் மனசு நோகாமல் நல்ல பிள்ளையாக இருந்தாய், முகுந்தா. அது போதும். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எனக்கு வாத்தியாராக இரு.

அம்மா